பத்துப் படுக்கையா, பத்து ஆளா?

நண்பர் ஒருவர் துபாயில் இருக்கிறார். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். போன வருடம் அவருடைய அம்மா வாய்ப்புற்றுநோயில் இறந்தார். கடைசி ஒன்றரை மாதம் அந்த அம்மா வலியில் முனகியது எதிர்வீடு வரை கேட்டிருக்கிறது. பெரிய மருத்துவமனையில், "இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. "பணம் இருந்துச்சுங்கண்ணா, அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியல" என்றார்.

இப்போது அம்மா பெயரில் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார். ரோட்டை ஒட்டி அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பத்துப் படுக்கையோடு ஒரு இல்லம் கட்டி, கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. நான் அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்டார். "நல்ல காரியம், செய்யுங்க" என்று உடனே சொல்லியிருப்பேன். ஆனால் கட்டி முடித்து, ரிப்பன் வெட்டி, மூன்றாம் வருடம் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் ஒரு மாதம் டைம் கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு ஊர்களிலும் யாராவது ஒருவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் அவர் கேட்ட இல்லம். ஹாஸ்பிஸ் என்ற ஏற்பாட்டுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்குப் படித்தவர். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. பயம், கடன், பேசாமல் போன மகன், கடவுள் மேல் கோபம் எல்லாம் சேர்ந்துதான் வலிக்கிறது என்று சொன்னவர் அவர். இந்தியாவில் முதலில் வந்தது மும்பை பாந்த்ராவில் 1986இல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன். இப்படிப்பட்ட இல்லங்களின் தேவையை நான் மறுக்கவில்லை. ரத்தம் கசியும் புண், எந்த மருந்துக்கும் அடங்காத வலி, வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருவருமே இல்லாத நிலை, இவற்றுக்குப் படுக்கைதான் வேண்டும்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவும் பகலும் எந்த நேரத்திலும் இரண்டு நர்ஸ் இருக்க வேண்டும் என்றால் மூன்று ஷிஃப்ட், வார விடுமுறை, லீவு எல்லாம் சேர்த்து எட்டுப் பேராவது வேலையில் இருக்க வேண்டும். அப்புறம் டாக்டர், சமையல், துணி துவைப்பு, துப்புரவு, ஜெனரேட்டர். கட்டடம் ஒரு முறைச் செலவு. சம்பளம் மாதாமாதம் வரும். துபாயில் அவர் வேலை நிலைக்கும்வரை சரி, அதற்குப் பிறகு?

இன்னொன்று, "கடைசிக் கட்டம்" என்றதும் நாம் கேன்சரை மட்டும் நினைக்கிறோம். பக்கவாதத்தில் படுத்தவர், டயாலிசிஸுக்குப் போய்ப் போய்த் தளர்ந்தவர், மூச்சு வாங்கி உட்கார்ந்தே தூங்குகிறவர், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாதவர், மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர் என்று எல்லோருமே இதில் சேர்த்திதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு, வலியையும் அவதியையும் குறைத்துத் துணைநிற்கும் பாலியேட்டிவ் கேர் என்ற நோய் ஆதரவு சிகிச்சை தேவைப்படுகிறது. கிடைப்பது 14 சதவீதத்தினருக்கு. இவர்களில் பலர் இரண்டு வாரத்தில் போய்விடுகிறவர்கள் இல்லை, மூன்று வருடம் படுக்கிறவர்கள். அப்படிப் பத்துப் பேர் வந்து படுத்துவிட்டால் பதினோராவது ஆளுக்கு இல்லம் மூடிய கதவுதான்.

அதோடு நம் ஊர் வாய். "பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டான்" என்ற பேச்சுக்குப் பயந்தே பாதிப் பேர் அனுப்ப மாட்டார்கள். அனுப்புகிறவர்களும் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் பார்ப்பார்கள். உயிர் வீட்டில் போக வேண்டும். அதை நான் மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அதுதான் ஆசை.

இரண்டாவது வழி, அரசு ஏற்கெனவே செய்வதைப் பிடித்துக்கொள்வது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் என்றால் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருவதுதான் நினைவுக்கு வரும். அதில் நோய் ஆதரவு சிகிச்சையும் ஒரு பகுதி என்பது பலருக்குத் தெரியாது. படுக்கையில் இருப்பவரை நர்ஸ் வீட்டிலேயே வந்து பார்ப்பது, புண் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, இயன்முறைப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. சம்பளம் அரசுடையது, மருந்து அரசுடையது, ஒருவர் ஊரை விட்டுப் போனாலும் திட்டம் நிற்காது. எந்தத் தனிமனிதரின் அறக்கட்டளையாலும் இந்தப் பலத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

இதன் எல்லையும் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு நர்ஸ் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்க முடியும்? ஒவ்வொரு வீட்டிலும் நின்று புண் கட்டினால் ஐந்து, ஆறு. ஒரு வட்டாரத்தில் எத்தனை கிராமம்! அவர் வந்துபோன நாளுக்கும் அடுத்து வரும் நாளுக்கும் நடுவில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது மருமகள், இரவு இரண்டு மணிக்கு வாந்தி துடைப்பதும் அவள். அவளுக்கு ஒரு மணி நேரம் மாற்றிவிட்டு, "நீ போய்த் தலைக்கு ஊத்திட்டு வா கண்ணு" என்று சொல்ல எந்தத் திட்டத்திலும் பதவி கிடையாது.

மூன்றாவது வழி, அக்கம்பக்கத்து ஆட்களே சேர்ந்து பார்த்துக்கொள்வது, அந்த இடத்தில்தான் வருகிறது. அதற்கு நாங்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை, பாலக்காட்டைத் தாண்டினால் மலப்புறம்.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் சேர்ந்து வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். புறநோயாளிப் பிரிவு நன்றாக நடந்தது. ஆனால் நடக்க முடியாதவர் எப்படிப் பேருந்து ஏறி வருவார்? வந்து வாங்கிப் போன மருந்தைத் தாண்டி, வீட்டில் அரிசி இல்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? சாவை நெருங்குகிறவரின் கஷ்டம் அடிப்படையில் சமூகத்தின் பிரச்சினை, மருத்துவம் அதில் ஒரு பங்கு மட்டுமே என்று அவர்கள் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். மலப்புறத்தில் தொடங்கி, அக்கம்பக்கத்து ஆட்களையே பயிற்சி கொடுத்து இறக்கினார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய யாரும் வரலாம். கடைகளில் உண்டியல், மாணவர்களின் சில்லறை என்று சிறு காசிலேயே நடந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. பஞ்சாயத்துகள் நர்ஸை வேலைக்கு வைத்தன. ஜனவரி 15 அங்கே பாலியேட்டிவ் கேர் தினம்.

2010இல் எக்கனாமிஸ்ட் பத்திரிகைக் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு "சாவின் தரம்" என்று 40 நாடுகளை வரிசைப்படுத்தியபோது இந்தியா 40ஆவது. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் உள்ள கேரளம் நாட்டின் பாலியேட்டிவ் சேவையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கிறது. பக்கத்து மாநிலம், ஒரே மழை, ஒரே மலை, நடுவில் இவ்வளவு தூரம்.

அங்கே ஒரு குழுவோடு ஒரு நாள் சுற்றினேன். நர்ஸ், ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். போன முதல் வீட்டில் நர்ஸ் புண்ணைக் கட்டிக்கொண்டிருக்க, ஆட்டோக்காரர் திண்ணையில் உட்கார்ந்து நோயாளியின் மகனிடம் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கட்டவில்லை. அவர் அதைக் குறித்துக்கொண்டார். டீச்சர் சமையலறையில் நோயாளியின் மனைவியோடு இருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. முப்பது வருடம் ஜன்னல் வழியாக மாத்திரை எண்ணிக் கொடுத்தவனுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

இதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் ஊரில் நட முடியுமா? முடியாது. அங்கே 1996 முதல் மக்கள் திட்டம் வழியாகப் பஞ்சாயத்துக்குச் சொந்தப் பணம் உண்டு, மூலைக்கு மூலை வாசகசாலை உண்டு, எந்தக் கட்சியானாலும் வேலை செய்யத் தொண்டர் உண்டு. நம்மிடம் கோயில் கமிட்டி உண்டு, மகளிர் சுயஉதவிக் குழு உண்டு, கிரிக்கெட் டீம் உண்டு. அதெல்லாம் போதாதா என்றால், ஆள் எண்ணிக்கைக்குப் போதும். கேள்வி வேறு. இந்தத் தெருக்காரர் அந்தத் தெருவுக்குப் போய்ப் புண் கழுவுவாரா? அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா? இதைப் பேசாமல் "சமூகப் பங்கேற்பு" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. மலப்புறத்திலும் எல்லாம் தங்கம் இல்லை. குழுவுக்குக் குழு தரம் மாறுகிறது. வீட்டுக்குள் பராமரிக்கும் பாரம் அங்கேயும் பெண்கள் தலையில்தான்.

ஆனாலும் இந்த வழியை இன்று உலகம் திரும்பிப் பார்க்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆலன் கெல்லஹியர் என்ற சமூகவியலாளர், சாவும் துக்கமும் சுத்தமான குடிநீர் மாதிரிப் பொதுச் சுகாதார விஷயங்கள், ஊரே பொறுப்பேற்க வேண்டியவை என்று 1990களின் கடைசியிலிருந்து எழுதிவருகிறார். இங்கிலாந்தில் ஃப்ரோம் என்ற சிறு நகரத்தில் 2013 முதல் டாக்டர்களே அக்கம்பக்கத்து ஆட்களைத் தேடிப் பிடித்து நோயாளியோடு கோத்துவிடுகிறார்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2022இல் சாவின் மதிப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கை கேரளத்தை நல்ல முன்மாதிரியாக எடுத்துக் காட்டியது. ஃப்ரோமில் இருப்பவர்களுக்கு இது புதுக் கண்டுபிடிப்பாக இருக்கலாம். நமக்கு மறந்துபோன பழக்கம்.

இங்கே மருந்தாளுநராக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பையில் கடும் வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை இல்லையென்றால் அவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழத்தான் முடியும். நண்பரின் அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது படுக்கை இல்லை, இந்த மாத்திரை.

கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபினைத்தான் உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வலி மருந்துகளின் வரிசையில் கடைசிப் படியாக வைத்தது. சாதாரண மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். விலை மலிவு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மார்ஃபின் எடுக்கப்படும் அபினியைச் சட்டப்படியே பயிரிட்டு அரசு கொள்முதல் செய்கிற நாடு இது. அப்படியும் நம் ஊர்க் கடைசி வீட்டுக்கு அது வருவதில்லை. காரணம் 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி, பல லைசென்ஸ், ஒன்று கிடைப்பதற்குள் இன்னொன்று காலாவதி. மருத்துவமனைகள் "இந்த வம்பே வேண்டாம்" என்று வாங்குவதை விட்டன. நான் வேலை பார்த்த காலத்தில் இரட்டைப் பூட்டு அலமாரியும் அந்தப் பதிவேடும் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு மாத்திரை கணக்கில் இடித்தால் வேலை போகும் என்ற பயம். பயந்தவர்களில் நானும் ஒருவன். வலியில் வந்தவரை வேறு மாத்திரை கொடுத்து அனுப்பிய நாட்கள் உண்டு.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின் உட்படச் சில மருந்துகள் அத்தியாவசிய வகைக்கு வந்தன. பயிற்சி பெற்ற டாக்டர் உள்ள நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரத்தோடு வாங்கி வைக்கலாம். ஆக, இன்று தடை சட்டத்தில் குறைவு, பழக்கத்தில் அதிகம். எழுதிக் கொடுக்கத் தெரிந்த டாக்டர் ஒருவர், வாங்கி வைக்கத் துணிந்த மருந்தகம் ஒன்று, இரண்டும் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்பதைத்தான் இல்லமா அரசு நர்ஸா குழுவா என்று பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் முதல் பணம் ஒரு டாக்டரைப் பயிற்சிக்கு அனுப்புவதற்குத்தான் போக வேண்டும். இது போட்டோ எடுத்துப் போட முடியாத செலவு.

சரி, அந்த அம்மா இறந்தார். அப்புறம் அவருடைய கணவர்? நண்பரின் அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த மூன்று யோசனைகளிலும் அவருக்கு இடமே இல்லை என்பது எனக்கு இரண்டாவது வாரம்தான் உறைத்தது.

துக்கத்தைப் பொதுச் சுகாதாரமாகப் பார்க்கிறவர்கள் ஊரை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சொந்தபந்தம் போதும். நடு அடுக்குக்கு, அதே துக்கத்தைக் கடந்த ஒருவரின் துணையோ குழுவோ வேண்டும். மேல் அடுக்கில் இருக்கும் சிலருக்கு மட்டும் மனநல மருத்துவர் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 60, 30, 10 சதவீதம் என்று எதிர்பார்த்துக் கணக்கெடுத்தார்கள். 2015இல் வெளியான முடிவில் ஏறத்தாழ 58, 35, 6 என்று வந்தது. எல்லோருக்கும் கவுன்சலிங் என்று இறங்கினால் பணமும் வீண், தேவைப்படுகிறவருக்கு நேரமும் கிடைக்காது.

நம் ஊரில் கீழ் அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் பலமாக. எழவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது, பங்காளிகள் வீட்டிலிருந்து சோறு வரும். துக்கம் கேட்க வருகிறவர்கள் கேட்டதையே கேட்பார்கள், வீட்டுக்காரர் சொன்னதையே சொல்வார். நூறு முறை சொல்லிச் சொல்லி அந்தச் சாவு வார்த்தையாகிவிடும். ஒப்பாரி வைக்கிற கிழவிகள் அழாதவரையும் அழவைத்துவிடுவார்கள். இதற்கு மேல் எந்த நிபுணர் என்ன செய்துவிட முடியும்?

எல்லாம் கருமாதி வரை. பதினேழாம் நாள் பந்தல் பிரித்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். புருஷனை இழந்தவளை இன்றும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடத் தயங்குகிறோம். அதாவது அவளுக்கு ஆள் தேவைப்படும் நேரம் பார்த்து ஆட்களை விலக்குகிறோம். மனைவியை இழந்த ஆண் வேறு மாதிரி. சுகர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். ஆறு மாதத்துக்கு மேல் துக்கம் அதே கனத்தில் நின்று அன்றாடத்தையே முடக்கினால், அதை உலக நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு தனியொரு நிலையாகக் கணக்கில் எடுக்கிறது. அந்த ஆறாவது மாதத்தில் நம் ஊரில் அவரைப் பார்க்க யார் போகிறார்கள்?

அமெரிக்காவின் பாஸ்டனில் 1960களில் ஒரு திட்டம் நடத்தினார்கள். விதவையானவரின் வீட்டுக்கு, முன்பே விதவையான இன்னொரு பெண் போய்ப் பேசுவார். டாக்டர் இல்லை, படிவம் இல்லை. செலவும் அனேகமாக இல்லை. நம் தெருவில் இதைச் செய்யக்கூடியவர் நான்கு பேரை எனக்கே தெரியும். துக்கத்தில் பாதி காகிதத்தில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், வாரிசுச் சான்று, பென்ஷன், வங்கிக் கணக்கு, பட்டா மாற்றம். புருஷன் போன மாதத்தில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் பெண்ணோடு கூட நிற்க ஒரு ஆள் இருந்தால், அதை நான் துக்க ஆதரவு என்றே எழுதுவேன்.

ஆக நண்பருக்கு நான் சொன்னது இது. இல்லம் இப்போது வேண்டாம். பத்து வருடம் கழித்துத் தேவை தெரிந்தால் பார்க்கலாம், அதுவரை படுக்கை கட்டாயம் தேவைப்படும் ஒருவரைச் சேர்க்கப் பக்கத்து ஊர்களில் இருக்கும் இடங்களோடு பேசி வைத்துக்கொள்வோம். அரசு நர்ஸுக்குப் போட்டியாக இன்னொரு நர்ஸைப் போடாமல், அவர் வராத நாட்களுக்குப் பத்துப் பேரைப் பயிற்சி கொடுத்துச் சேர்ப்போம். ஐந்து பேர் பெண்கள், எல்லாத் தெருவிலிருந்தும். ஒருவரும் சொந்தத் தெருவில் மட்டும் வேலை செய்யக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவோம். சம்மதிக்காதவர் சேர வேண்டாம். ஒரு டாக்டரை மார்ஃபின் பயிற்சிக்கு அனுப்புவோம். படுக்கைப் புண் வராமல் தடுக்கும் நான்கு ஏர் பெட், இரண்டு ஆக்சிஜன் கருவி, ஒரு சக்கர நாற்காலி வாங்கி வாடகையில்லாமல் சுற்றுக்கு விடுவோம். சாவு நடந்த வீட்டுக்கு நாற்பதாம் நாள் ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை, தலைத் திவசத்துக்கு ஒரு முறை ஆள் போக வேண்டும். நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி.

வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று நாமே முன்கூட்டி எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழி திறந்து, 2023இல் அதை எளிமையாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்து. செலவே இல்லாத அந்த வேலையையும் குழு செய்யலாம் என்றேன். அதற்கு அவர், "மொதல்ல நீங்க எழுதுங்கண்ணா" என்றார். நான் எழுதியிருக்கிறேன். மனைவி இன்னும் அதைப் படிக்க மறுக்கிறாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அம்மா பேரை எங்கீங்ண்ணா போடறது?" என்றார். ஏர் பெட் மோட்டார் மேல் ஸ்டிக்கராக ஒட்டலாம் என்றேன். சிரித்தார். முதல் பெட் அடுத்த வாரம் வருகிறது. நிலத்தில் இந்த வருடம் சோளம் போட்டிருக்கிறார்கள். அவருடைய அப்பாதான் காலையில் போய்க் கிளி விரட்டுகிறாராம்.